அடுப்புக்காரரின் கீப் அட் இட்

பேக்கரியில் அவரை அடுப்புக்காரர் என்பார்கள். அவர் மனைவியைப் பூக்காரம்மா என்பார்கள். அவர் ரொட்டியும் பன்னும் சுடுகிறவர். அந்தம்மா கேக்கின் மேல் க்ரீமில் பூ போடுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரே கூரையின் கீழ்தான் வேலை. வீட்டில் ஆரம்பித்த சண்டையை வேலைக்கு வந்து முடித்துக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் வாய்க்காது.

ஒருநாள் பூக்காரம்மா கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அடித்துப் பிடித்து ஓடிவந்த அடுப்புக்காரரின் வாயிலிருந்து முதலில் வந்தது, "தரைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பதுதான். அவர் வாய் அப்படி. பயமோ பாசமோ, எது வந்தாலும் கேலி வாசல் வழியாகத்தான் வெளியே வரும். அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

அன்றைக்கு அந்த வலியிலும் அந்தம்மா சிரித்தார். கட்டுப் பிரித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. க்ரீம் பிழியும் கோனைப் பிடித்து அழுத்தினால் கை நடுங்கியது. ரோஜா போடப்போனால் முட்டைக்கோஸ் வந்தது. நாலு நாள் பார்த்துவிட்டு, "கை போச்சு, விடுங்க" என்று கோனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். முதலாளி சின்ன வயசுக்காரர், தங்கமான பிள்ளை. "கல்லாவுல உட்காருங்கக்கா, நாற்காலி போட்டுத் தரேன்" என்றார். திங்கட்கிழமையிலிருந்து கல்லா என்று முடிவாயிற்று.

அடுப்புக்காரருக்கு அது தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. பூ போடும்போது அந்தம்மா நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, உலகத்தையே மறந்து நிற்பார். அடுப்படி ஜன்னல் வழியாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பன் சுட்டுப் பழகிய மனுஷர் இவர். 'நீ அங்கேயே நில்லு, விட்டுடாதே' என்று சொல்லலாம்தான். எந்த வாயால் சொல்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் இங்கிலீஷ் கைகொடுக்க வந்தது.

கடைக்குப் பல பாஷைக்காரர்களும் வருகிறார்கள் என்று வேலை செய்கிறவர்களுக்காக முதலாளி மாடியில் வாராவாரம் இங்கிலீஷ் வகுப்பு வைத்திருந்தார். அந்த வாரம் டீச்சர் பலகையில் எழுதியது, கீப் அட் இட். விட்டுவிடாமல் செய்துகொண்டே இரு என்று ஒருவரைத் தட்டிக்கொடுக்கச் சொல்வது. வீட்டுப்பாடம் எப்போதும் போலத்தான்: நிஜமான ஓர் ஆளிடம் நிஜமாகவே சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று அடுத்த வகுப்பில் வந்து சொல்ல வேண்டும்.

அடுப்புக்காரருக்கு உள்ளுக்குள் விளக்கு எரிந்தது. தமிழில் சொல்லத்தானே வாய் கோணுகிறது? இங்கிலீஷில் சொன்னால் வேறு யாரோ சொன்ன மாதிரி ஆகிவிடும். சொதப்பினாலும் பழி டீச்சர் தலையில் விழும்.

முதலில் வெளியாட்களிடம் ஒத்திகை பார்த்தார். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளு தள்ளென்று தள்ளிக்கொண்டிருந்த வாடிக்கையாளரிடம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று "கீப் அட் இட்" என்றார். அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். பாதியில் சிக்கிய ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த முதலாளியிடமும் சொன்னார். "அண்ணே, வாயை மூடிட்டு வந்து ஒரு கை கொடுங்க" என்று பதில் வந்தது.

சாயங்காலம் வீட்டில் பூக்காரம்மா வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை அமிழ்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடுப்புக்காரர் எதிரே போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கீப் அட் இட்."

"என்னது?"

"விட்டுடாதேன்னு அர்த்தம்."

"நான்தான் விட்டுட்டேனே. குத்திக் காட்டறதுக்கு இங்கிலீஷ் வேற படிச்சிட்டு வர்றீங்களா?"

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ரொட்டி வாங்க வந்த டீச்சரை மாடிப்படிக்குப் பக்கத்தில் மடக்கினார். "டீச்சர், உங்க வார்த்தை வேலை செய்யல."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"வேண்டப்பட்டவங்க ஒருத்தங்ககிட்ட."

"அவங்க அப்ப என்ன செஞ்சிட்டு இருந்தாங்க?"

"சும்மாதான் உட்கார்ந்திருந்தாங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். "சும்மா இருக்கறவங்ககிட்டப் போய்ச் சொன்னா அது அதட்டல் மாதிரி ஆயிடும் சார். தட்டுத்தடுமாறிச் செஞ்சிட்டு இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. அவங்களுக்குத்தான் அது தெம்பு."

அப்படியானால் முதலில் அந்தம்மாவைத் தட்டுத்தடுமாற வைக்க வேண்டும். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அந்தம்மா, அதுதான் நேற்றே தெரிந்துவிட்டதே. ஆனால் ஒரு பலவீனம் உண்டு: கண்ணெதிரே யாராவது வேலையைக் கொலை செய்தால் அந்தம்மாவால் தாங்க முடியாது.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும், பன்னை அடுப்பில் தள்ளிவிட்டு, அடுப்புக்காரர் கோனில் க்ரீமை நிரப்பினார். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்வதுபோல ஒரு ட்ரேயைக் கவிழ்த்து, அதன் முதுகில் பூ போட ஆரம்பித்தார். பிடிக்காவிட்டால் வழித்துக் கிண்ணத்தில் போட்டு மறுபடி போடலாம். வேண்டுமென்றே மோசமாகப் போடுவதாகத்தான் திட்டம். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அடுப்பிலேயே கிடந்த கை. பிடித்த பிடியில் க்ரீம் உருகித் தண்ணீராகக் கொட்டியது.

கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்த பூக்காரம்மா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னங்க அது?"

"ரோஜா."

"ஜலதோஷம் பிடிச்ச மாதிரி ஒழுகுது."

"மழையில நனைஞ்ச ரோஜா. உனக்கு ரசனை போதாது."

பெட்டி கீழே விழுந்தது. "வெந்த கையை வெச்சு க்ரீமைப் பிடிச்சா உருகாம என்ன செய்யும்? கிண்ணத்தையே பாழாக்கிட்டு… கொடுங்க இப்படி!"

வெடுக்கென்று பிடுங்கிய கை வலது கை. கோனைத் துடைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து புது க்ரீம் நிரப்பி, ட்ரே முதுகில் ஒரு புள்ளி வைத்தார். சாய்ந்தது. வழித்தார். இன்னொன்று வைத்தார். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். கை நடுங்கினால் நிற்பார். நடுக்கம் அடங்கினால் வைப்பார். கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி பல்லிடுக்கில் வந்திருந்தது.

அடுப்புக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். இதுதான் சமயம். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து, அவர் கண்ணிலேயே நீர் வருவதைக் கண்டு பயந்து திரும்பிப் போனது.

"அக்கா, நாற்காலிக்கு மெத்தை வாங்கியாச்சு…" என்றபடி வந்த முதலாளி ட்ரேயைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "அண்ணே! என்னமோ தீயுது!"

"ஐயோ, பன்னு!"

அடுப்புக்காரர் விழுந்தடித்து ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ நிறுத்திடாதே, கீப் அட் இட்மா, கீப் அட் இட்!" என்று கத்திக்கொண்டே போனார்.

"சரி, போங்க," என்றார் பூக்காரம்மா, தலையைத் தூக்காமல்.

கன்னங்கரேல் என்று ஒரு ட்ரே நிறைய பன்னோடு, திட்டு வாங்கத் தயாராக அவர் திரும்பி வந்தபோது, மனைவி முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்லாவுக்கு வேற ஆளைப் பாருங்க தம்பி. இப்போதைக்கு கேக்கு ஓரத்துல புள்ளி மட்டும் வைக்கறேன். பூவுக்கு இன்னும் நாளாகும். ஆனா நான்தான் போடுவேன்."

"புள்ளியே வைங்கக்கா. எனக்கென்ன?" முதலாளி பன்னைப் பார்த்தார். "இதை என்ன செய்யறதுன்னு மட்டும் அண்ணனைச் சொல்லச் சொல்லுங்க."

அடுப்புக்காரர் வாயைத் திறந்து, ஆச்சரியம், மூடிக்கொண்டார்.

"இங்க வைங்க அதை," என்றார் பூக்காரம்மா. "தட்டையா இருக்கற ட்ரேயில வெச்சு என்ன பிரயோஜனம்? உருண்டை மேல வெச்சுப் பார்க்கணும். ஆறட்டும், ஒண்ணொண்ணா எடுத்து ஆடாம பிடிங்க. கையால இல்ல, இடுக்கியால."

அவர் இடுக்கியை எடுத்து வந்து, ஆறிய கருகல் பன்னாகப் பார்த்து ஒன்றைப் பிடித்தார். இப்போது அவர் கைதான் கொஞ்சம் ஆடியது.

"ஆட்டாதீங்கன்னேன்," என்றார் அந்தம்மா, முதல் புள்ளியை வைத்தபடி.