எடைக்கல்

லோர்னா ஹாகன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நான் சொன்ன பொய் ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லும்போது நான் தடுமாறவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. நாடு முழுக்க எத்தனையோ சமையலறைகளில் உட்கார்ந்து, எத்தனையோ அம்மாக்கள் சுட்டுக் கொடுத்ததைத் தின்றுவிட்டுப் பேசியிருக்கிறேன்.

ஹால்பரி கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு ஆள் பிடிப்பது என் வேலை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவன் மேல் ஒருவன் போய் விழும் அந்த ஆட்டத்துக்குத்தான். விசிட்டிங் கார்டில் துணைப் பயிற்சியாளர் நீல் கேரிட்டி என்று போட்டிருக்கும். மற்ற கல்லூரிகளில் இந்த வேலை சுலபம். மலை மாதிரி ஒருவனைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். எங்கள் கல்லூரியில் மலைக்கும் கணக்கு வரவேண்டும்.

அது ஜூன் மாதம். லோர்னா இருக்கும் அயோவா மாநிலத்தில் சோளம் முழங்கால் உயரம் நின்றது. லோர்னா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். புருஷன் டெக்சஸுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது, திரும்பவில்லை. ஒரே பையன் சோரன், பதினேழு வயது. பத்து வயதில் அவன் முதல் ஹெல்மெட் மாட்டியதிலிருந்து அவனுடைய ஒரு ஆட்டத்தைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

"இன்னொரு துண்டு பை எடுத்துக்குங்க கோச். ரூபார்ப் நம்ம தோட்டத்துது." ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்பு அது.

"மேடம், இதுக்கு மேல தின்னா உங்க பையனை விட்டுட்டு என்னைத்தான் லைன்ல நிறுத்தணும்."

சிரித்தாள். சோரனும் சிரித்தான். அவன் சென்டர் ஆடுகிறவன். பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே பாய்ந்து வருகிறவனை நெஞ்சால் தடுக்கும் ஆள். அவன் ஊரில் அவன்தான் கெட்டி. ஆனால் ஐந்தடி பத்து அங்குலம்தான். எங்கள் அணியில் அந்த இடத்தில் நிற்கிறவன் அவனைவிட அரை அடி உயரம், நாற்பது கிலோ கூடுதல். சோரன் ஆடிய வீடியோவை நான் இரண்டு நிமிடம் பார்த்தேன், மூடிவிட்டேன். அவனுடைய மார்க் சீட்டைத்தான் இருபது நிமிடம் பார்த்தேன்.

லோர்னா தட்டை நகர்த்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் பஸ் ஓட்டறவ கோச். சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. இவன் எங்க போட்டாலும் படிச்சிடுவான், அதுல எனக்குக் கவலை இல்ல. ஆனா ஆட்டம்னா இவனுக்கு உசுரு. இன்னும் நாலு வருஷம் ஆடணும்னு ஒரே ஆசை. பக்கத்துக் காலேஜ் கோச் கஸ் ப்ரெக்கே முதல் வருஷமே இறக்கி விடறேங்கறாரு. சின்ன இடம்தான், ஆனா ஆடலாம். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்ககிட்ட வந்தா இவன் ஆடுவானா?"

"ஆடுவான்."

அவ்வளவுதான் அந்தப் பொய். அதற்குப் பிறகு கஸ் தங்கமான மனிதர் என்றும், ஆனால் மூளையுள்ள சென்டர் கிடைப்பது அரிது என்றும், இப்படிப்பட்ட பையன் அங்கே வீணாகிவிடுவான் என்றும் சேர்த்துக்கொண்டேன். சோரனின் காது சிவந்துவிட்டது. அவனை யாரும் அதுவரை அரிது என்று சொன்னதில்லை போலிருக்கிறது.

எங்கள் கல்லூரியின் விதி இதுதான். ஃபுட்பாலுக்கென்று வருடம் இருபது பேரை நாங்கள் கைகாட்டலாம். ஆனால் அந்த இருபது பேரின் மார்க் சராசரி ஒரு கோட்டுக்குக் கீழே போகக்கூடாது. அந்தக் கோட்டுக்குக் காவல் இருப்பவர் அட்மிஷன் ஆபீஸ் மிஸஸ் ஆப்பிள்யார்ட். மெலிந்த அம்மாள், எப்போதும் ஸ்வெட்டர், ஒரு மார்க்கைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். மார்க் குறைந்த சூரன் ஒருவன் வேண்டுமென்றால், தராசின் மறுதட்டில் மார்க் நிறைந்த ஒருவனைப் போட்டாகவேண்டும். அவன் ஆடவேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஒரு வருடம் ஓரமாக நின்றுவிட்டு, தானே சலித்துப்போய் நூலகத்துப் பக்கம் போய்விடுவான். ஆபீஸில் இந்தப் பையன்களுக்கு நாங்கள் வைத்த பெயர் எடைக்கல்.

அந்த வருடத்துச் சூரன் ஜார்ஜியாவைச் சேர்ந்த டோலிவர். அவன் ஒருவனை அடித்துச் சாய்த்தால் சத்தம் வீடியோவிலேயே நெஞ்சில் இறங்கும். கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சையில், ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து நூற்றிருபது. சோரன் ஆயிரத்து நானூற்றித் தொண்ணூறு. செப்டம்பரில் மிஸஸ் ஆப்பிள்யார்ட் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டோலிவர் வேணும்னா உங்க அயோவாப் பையன் இன்னும் எழுபது ஏத்தணும், மிஸ்டர் கேரிட்டி. இல்லைன்னா ரெண்டு பேரும் இல்ல."

அன்றைக்கே சோரனுக்குப் போன் போட்டேன். அதற்குள் அவன் கஸ் ப்ரெக்கேயைக் கூப்பிட்டு, மன்னிக்கவேண்டும், ஹால்பரிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். வேறு எங்கும் விண்ணப்பிக்கவும் இல்லை. வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"இன்னொரு தடவை எழுது தம்பி. அணிக்காக."

"எழுதறேன் கோச். அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை இருக்கு. ஆனா..." இழுத்தான். "முந்தின நாள் எங்க சீனியர் நைட்."

எனக்குத் தெரியாதா அது என்னவென்று. கடைசி வருடப் பையன்கள் சொந்த மைதானத்தில் ஆடும் கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் ஒவ்வொருவன் பெயராகக் கூப்பிடுவார்கள். அவன் அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவரை நடப்பான். ஊரே எழுந்து நிற்கும். நானும் நடந்திருக்கிறேன்.

"பரீட்சை எங்க?"

"டி மாய்ன்ஸ்ல. இங்கருந்து மூணு மணி நேரம்."

"ஆட்டம் ஆடி, அடிபட்டு, தூங்காமப் போய் உக்காந்தா எழுபது ஏறுமா? நீயே சொல்லு. ஊர் மைதானம் பெருசா, எங்க மைதானம் பெருசா? இங்க உனக்கு இன்னும் நாலு வருஷம் ஆட்டம் இருக்குடா."

சரி கோச் என்றான். அந்தச் சரியைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த நிம்மதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் டி மாய்ன்ஸில் ஒரு மோட்டல் அறையில் படுத்துக் கிடந்தான். மறுநாள் பரீட்சை முடிந்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். மைதானத்தின் நடுவே லோர்னா தனியாக நடந்து வருகிறாள். மேலே அவனுடைய ஐம்பத்து நான்காம் நம்பர் ஜெர்சி. கையிடுக்கில் அவனுடைய ஹெல்மெட். 'பேரைக் கூப்பிட்டாங்க, அம்மா மட்டும் நடந்தாங்க. ஹால்பரி கூப்பிட்டிருக்குன்னு மைக்ல சொன்னாங்களாம். எல்லாரும் கைதட்டினாங்க கோச்' என்று கீழே எழுதியிருந்தான். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

ஆயிரத்து ஐந்நூற்று அறுபது வாங்கினான். கேட்ட எழுபதைச் சுளையாகக் கொண்டுவந்து கொடுத்தான். மிஸஸ் ஆப்பிள்யார்டே புருவத்தை உயர்த்தினார்.

டிசம்பர் மாதம் டோலிவர் தன் பள்ளிக்கூட ஜிம்மில் மேசை போட்டு உட்கார்ந்தான். எதிரே மூன்று கல்லூரித் தொப்பிகள். எதை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அங்கே போகிறான் என்று அர்த்தம். நாங்கள் ஆபீஸில் திரையைப் பார்த்தபடி நின்றோம். எங்கள் ஊதாத் தொப்பியை எடுத்தான். ஆபீஸே கத்தியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், சிரித்தான், மேசைக்கு அடியில் போட்டுவிட்டுத் தென்பகுதியின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டான். அங்கே மார்க்கெல்லாம் கேட்க மாட்டார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் ஸ்டாக்ளர் குப்பைக் கூடையை உதைத்தார். பிறகு உட்கார்ந்து பட்டியலை எடுத்தார். அவருக்குத் துக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் தங்காது.

"டோலிவர் போயாச்சு. அப்புறம் அயோவா எடைக்கல்லு எதுக்கு? எடுத்துடு. அந்த இடத்துல பென்சில்வேனியாத் தடியனைப் போடு, கோலிஸ் பய. அவன் மார்க்குக்குச் சராசரி தாங்கும்."

"கோச், சோரன் வேற எங்கயும் அப்ளை பண்ணல. நாமதான் பண்ண விடல."

"என்னய்யா நீல், நீ என்ன அவன் தாய்மாமனா? ஆயிரத்தி ஐந்நூத்தி அறுபது வாங்கினவன் தெருவுலயா நிக்கப் போறான்? பொழச்சுக்குவான். போன் பண்ணு."

வெறுங்கையோடு போன் பண்ண எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் முதலில் கஸ் ப்ரெக்கேயைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"தின்னுட்டு எலும்பை நம்ம வாசல்ல போடறீங்களா?" என்றார்.

"நல்ல பையன் கஸ்."

"நல்ல பையன்னு உன்னைவிட எனக்குத் தெரியும். செப்டம்பர்ல அவனா கூப்பிட்டான். 'தம்பி, அந்த ஆளுங்களுக்கு நீ வேணாம்டா, உன் மார்க்குதான் வேணும்'னு சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அப்படிப் பேசாதீங்க சார், கேரிட்டி ரொம்ப நல்லவரு'ன்னான்."

இன்னும் ஒரு சென்டருக்கு இடம் இருக்குமா என்று கேட்டேன்.

"ரெண்டு சென்டர் எடுத்துட்டேன் நீல். வாக்குக் குடுத்தாச்சு. நான் குடுத்தா குடுத்ததுதான். பையன் வந்து இங்க படிக்கட்டும், சந்தோஷம். ஆட இடம் இல்ல."

மறுநாள் மதியம் சோரனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் தட்டு கழுவும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் கோச், அம்மாவும் இருக்கிறார்கள் என்றான். குரலில் அத்தனை சந்தோஷம். அந்த வாரம் முடிவு வரும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

பட்டியலில் மாற்றம், எதிர்பாராத சூழ்நிலை, ஜனவரியில் எல்லோரோடும் சேர்த்து உன் விண்ணப்பத்தையும் பார்ப்பார்கள், உன் மார்க்குக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். இவற்றையெல்லாம் சொல்வதற்கென்று எங்களிடம் ஒரு குரல் உண்டு. தட்டு கழுவும் சத்தம் நின்றது.

"கோச், ஒரு சந்தேகம்" என்றான் சோரன். "ஆயிரத்தி நானூத்தித் தொண்ணூறே உங்க காலேஜுக்குப் போதும். நான் பாத்தேன். அப்புறம் எனக்கு எதுக்கு எழுபது ஏறணும்?"

"சராசரிக்காக..."

"சராசரிக்குன்னா, யாருக்கோ குறையுது. அவனுக்காகத்தான் நான் ஏறினேனா? அவன் இப்ப வரல. அதனால நான் வேண்டாம்."

கணக்கில் அவன் எப்போதும் நூற்றுக்கு நூறு. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு லோர்னாவின் குரல் பக்கத்தில் வந்தது.

"அந்த இன்னொரு பையன் வந்திருந்தா, இவன் உங்ககிட்ட வந்திருப்பான். சரி. வந்திருந்தா ஆடியிருப்பானா?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். ஆடியிருப்பான் மேடம், துரதிர்ஷ்டம் என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாரும் அதைச் சரிபார்க்கப் போவதில்லை. பையன் அதை வைத்துக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பான். அந்த நேரத்தில் பார்த்து எனக்கு உண்மை பேசவேண்டும் என்று தோன்றியது. பாரம் இறங்கவேண்டும் என்று எனக்கு ஆசை, வேறொன்றும் இல்லை.

"மாட்டான்" என்றேன்.

"ஒரு ஆட்டம்கூட?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அக்டோபர்ல அந்த வெள்ளிக்கிழமை... இன்னும் நாலு வருஷம் ஆடப் போறான்னு நெனச்சுத்தான் நான் தனியா நடந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு வெளியூர் ஆட்டம்தான் இருந்துது. அதுல ஆடி முழங்காலைத் திருகிக்கிட்டான். சொந்த மைதானத்துல என் கையைப் பிடிச்சு நடந்திருக்க வேண்டியது அந்த வெள்ளிக்கிழமை ஒண்ணுதான். அந்த ஆட்டத்தை விட்டுடுன்னு நீங்க சொல்லும்போதே, உங்ககிட்ட வந்தா இவன் ஆடவே மாட்டான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"அம்மா, வெச்சிடும்மா" என்றான் சோரன். தூரத்திலிருந்து கேட்டது.

அவள் வைக்கவில்லை.

"ஜூன் மாசமே 'மாட்டான்'னு சொல்லியிருந்தீங்கன்னா, உங்களுக்கு இன்னொரு துண்டு பை குடுத்து அனுப்பியிருப்பேன் கோச். நான் அப்படிப்பட்டவதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் போனை வைத்தாள்.

தண்ணீர் குடித்தேன். ஸ்டாக்ளர் கதவிடுக்கில் தலையை நீட்டி, எடுத்துட்டியா என்றார். எடுத்துட்டேன் என்றேன். அப்போ தடியனைக் கூப்பிடு, சாயங்காலத்துக்குள்ள முடி என்றுவிட்டுப் போனார்.

பென்சில்வேனியாவில் கோலிஸ் வீட்டுப் போனை அவன் அம்மா எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் கத்திய கத்தலில் காதை விலக்கிக்கொண்டேன். அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் எல்லா அம்மாக்களும் கேட்பதைக் கேட்டார்.

"அவன் ஆடுவானா கோச்?"

"ஆடுவான்" என்றேன்.

இந்தத் தடவை அது உண்மைதான். நூற்று முப்பது கிலோ, ஆறடி ஐந்து அங்குலம், நிச்சயமாக ஆடுவான். ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கு அந்தச் சமையலறை நினைவுக்கு வந்தது. இரண்டு தடவையும் என் குரல் ஒரே மாதிரிதான் இருந்தது.