கூடைக்கு உரியவர்

கூடையை வரிசையில் வைத்து இருபத்தாறு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தது. இப்போது அது பதினோராவது இடத்தில் நின்றது.

சொரிமுத்து அதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். பச்சையும் வெள்ளையும் கலந்து பின்னிய ஒயர் கூடை. ஒரு கைப்பிடி அறுந்து, சிவப்பு ஒயரால் கட்டப்பட்டிருந்தது. கட்டியது அவர் மனைவி வேலம்மாள். வரிசையில் வைத்ததும் அவள்தான்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலம்மாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். கூடையை வரிசையில் வைத்துவிட்டுத் திரும்புவாள். கோமதிக்குத் தலை சீவிவிடுவாள். பிறகு மூன்று பேரும் ஒன்பது மணி பஸ்ஸில் வருவார்கள். கோமதி அவர்களுடைய ஒரே மகள். முப்பத்தொரு வயது. கூட்டத்தில் நான்கு மணி நேரம் நிற்க அவளால் முடியாது. கூடையால் முடியும்.

அந்த ஆஸ்பத்திரியில் வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை. பொருட்கள்தான் நிற்கும். ஒரு ஜோடி செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், பெயர் எழுதிய செங்கல், ஒரு ஹெல்மெட். ஆட்கள் சுவரோரமாகப் பெஞ்சில் இருக்க வேண்டும். ஒருவர் உள்ளே போனதும் எல்லாப் பொருளும் ஓர் இடம் முன்னே நகரும். யாரும் தள்ளுவதில்லை.

வைத்தவர்தான் எடுக்க வேண்டும். வேறு கை பட்டால் பொருள் கடைசி இடத்துக்குப் போய்விடும். கடைசி இடம் அப்போது பக்கத்து ஊரில் இருந்தது.

வேலம்மாள் மிச்சம்பிடித்து வைத்திருந்ததில் சொரிமுத்துவின் சட்டைப்பையில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது. சாயங்காலத்துக்கு உரியது. டாக்டரின் கையெழுத்து இல்லாமல் மருந்து கொடுக்கும் ஜன்னலில் அடுத்ததைத் தரமாட்டார்கள். இரண்டு வேளை தவறினால் கோமதிக்கு வலிப்பு வரும். போன தடவை தவறியபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒன்பது நாள் கஞ்சி குடித்தாள்.

வராந்தாக் கடிகாரம் பத்தேகால் காட்டியது. அங்கே எப்போதும் பத்தேகால்தான். பன்னிரண்டுக்கு எல்லாம் மூடிவிடும். ஆனால் பன்னிரண்டு மணி ஆளுக்கு ஆள் வேறு நேரத்தில் வரும். தண்ணீர் பாட்டிலுக்கு உரிய பெரியவர் திடீரென்று எழுந்தார். "எனக்குப் பன்னெண்டாயிட்டு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாட்டில் காலியாகி உருண்டது. கூடை பத்தாவது இடத்துக்கு வந்தது.

"அம்மா கூடை" என்றாள் கோமதி.

"ஆமா. அம்மா முன்னால போயிருக்கா."

"சரிப்பா" என்று அவள் அவருடைய முழங்காலை இரண்டு முறை தட்டினாள். இருபத்தாறு நாளாக அப்படித்தான் தட்டுகிறாள்.

படிவம் வாங்கும் அறை வராந்தாவின் மறுகோடியில் இருந்தது. யாரிடமாவது வழி கேட்டால் வராந்தா நீளும். சொரிமுத்து கேட்கவில்லை. கோமதி ஒரு நர்ஸிடம் கேட்டுவிட்டாள். தரையில் நாற்பது கல் கூடியது. சொரிமுத்து எண்ணினார். முப்பத்துமூன்று வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். எந்த எண்ணையும் பார்க்காமல் விட அவருக்கு வராது.

அறையிலிருந்த கிளார்க் தலை நிமிராமல் கேட்டார், இந்த மூன்று மாதத்தில் இந்தப் பெண்ணுக்குச் சரியாகிவிட்டதா என்று. இல்லை என்றார் சொரிமுத்து. சரியாகவில்லை என்பதற்குக் கையெழுத்து வாங்கி வந்தீர்களா என்றார் கிளார்க்.

"யார்ட்ட வாங்கணும்?"

"சரியானவங்ககிட்ட."

அப்படி யாரையும் தெரியாது என்று சொரிமுத்து சொன்னார். கிளார்க் அதை எழுதிக்கொண்டார். பிறகு மூன்று தாள்களைத் தள்ளினார். ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரே வரி. 'இருக்கிறேன் / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.'

கோமதியின் தாளில் சொரிமுத்து 'இல்லை'யை அடித்தார். தன் தாளிலும் அடித்தார், கொஞ்சம் யோசித்துவிட்டு. மூன்றாவது தாளில் வேலம்மாள் என்று எழுதினார். அதற்குப் பிறகு பேனா எழுதவில்லை. கையில் கிறுக்கிப் பார்த்தார். கையில் எழுதியது. தாளில் எழுதவில்லை. கடைசியில் இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'முன்னால் போயிருக்கிறாள்' என்று எழுதினார். அதை மட்டும் பேனா எழுதியது.

கிளார்க் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். "இதுக்குக் கட்டம் இல்லியே."

"ஓரம் இருக்கு."

கிளார்க் ஓரத்தில் முத்திரை குத்தினார். வாசலில் வாட்ச்மேன் கேட்பார், அங்கே வாயால் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்.

கோமதி தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன் பெயரும் அம்மா பெயரும் மட்டும் வாசிக்கத் தெரியும்.

அவர்கள் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். பக்கத்தில் ரெஜினா இருந்தார். பத்தொன்பது வருடமாகத் தன் மகன் ஆல்வினைக் கூட்டி வருபவர். ஆல்வின் ஆறடி உயரம். பேசமாட்டான். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ரெஜினாவின் நெற்றியில் சிவப்பு விளக்கில் 10 என்று எரிந்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று சொரிமுத்து கேட்டார். போன தடவை வந்தபோது லேசாக மினுக்கியதாம், இப்போது நன்றாகவே தெரிகிறதாம். "பக்கத்துல இருக்கவங்க நம்பரத்தான் காட்டுது. அவங்களுக்கு உபயோகமாத்தான இருக்கு, அண்ணாச்சி" என்றார் ரெஜினா. வலிக்கிறதா என்றதற்கு, தூங்கும்போது மட்டும் தலையணையில் வெளிச்சம் விழுகிறது என்றார்.

எண் ஒன்பதானது.

"உங்க வீட்டம்மாவ எங்க காணோம்?"

"முன்னால போயிருக்கா."

கோமதி அவர் முழங்காலைத் தட்டினாள். பிறகு ரெஜினாவின் காதருகே குனிந்தாள். கோமதிக்கு ரகசியம் பிடிக்கும். ஆனால் மெதுவாகப் பேச வராது. கையைக் குவித்து வைத்துக்கொண்டு, வழக்கமான குரலைவிடப் பலமாகத்தான் சொல்வாள்.

"எங்க அப்பாவுக்குப் பல்லு பூரா கட்டுனது."

வராந்தா முழுவதும் சொரிமுத்துவின் வாயைப் பார்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். ஆல்வின் சிரித்தான்.

வாட்ச்மேன் சுடலை கதவடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "செங்கல். செங்கலுக்கு உரியவர்." ஒரு பெண் ஓடி வந்து செங்கலை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். "ஹெல்மெட். ஹெல்மெட்டுக்கு உரியவர்." யாரும் வரவில்லை. சுடலை மூன்று முறை கூப்பிட்டார். பிறகு கதவு திறந்து ஹெல்மெட் மட்டும் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தது. எங்கே போவது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றது. யாரும் அதைத் தொடவில்லை.

ஆளில்லாமல் கூடை உள்ளே போனால் மாத்திரை கூடையின் பெயரில்தான் எழுதப்படும். சொரிமுத்துவுக்கு அது புரிந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. உள்ளே பத்தேகால்.

ஏழு. ஆறு.

அவர் அந்த நாளை மறுபடி யோசித்தார். வேலம்மாள் கூடையை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். டீ வாங்கினாள். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டீக்கடைக்காரர் போனில் அதை மட்டும்தான் சொன்னார், கிளாஸ் இன்னும் வரவில்லை என்று. மத்தியானம் வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வந்தன. கோமதியைப் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, ஈரமாக இருந்த வாசலையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் சொரிமுத்து சொன்னார், ஆஸ்பத்திரியில் இடம் பிடிக்க அம்மா முன்னால போயிருக்கா என்று. சரிப்பா என்றாள்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட்டது அவள்தான். குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மூன்று. இரண்டு.

ரெஜினா அவர் பக்கம் திரும்பினார். நெற்றி வெளிச்சம் கண்ணில் அடித்தது. "அண்ணாச்சி, ஆள வரச்சொல்லுங்க. சுடலை சும்மா விடமாட்டாரு."

சொரிமுத்து தலையாட்டினார். உள்ளங்கை வேர்த்திருந்தது. பேனாக் கிறுக்கல் கரைந்து விரலெல்லாம் நீலம்.

கூடை கதவடிக்கு வந்தது. ரெஜினாவின் நெற்றியில் 1.

"கூடை" என்றார் சுடலை. "கூடைக்கு உரியவர்."

சொரிமுத்து எழுந்தார். பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். அது வரவில்லை. இத்தனை நாள் 'முன்னால்' என்பதற்கு இடம் இருந்தது. இப்போது முன்னால் இருந்தது கதவுதான். கதவுக்குப் பின்னால் ஒரு டாக்டர், ஒரு மேஜை. வேறு ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கூடைக்கு உரியவர்."

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தொன்பது. மற்ற யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவருக்கு மட்டும்.

உண்மையைச் சொன்னால் கூடைக்கு உரியவர் இல்லையென்று ஆகிவிடும். இருபத்தாறு நாளும் போய்விடும். அதைவிட, கோமதி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

"கடைசித் தடவ கூப்பிடுதேன்" என்றார் சுடலை.

கோமதி நடந்தாள். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்து கூடையை எடுத்தாள். வேலம்மாள் மாட்டுவதுபோல் முழங்கையில் மாட்டிக்கொண்டாள். அறுந்த கைப்பிடியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். வேலம்மாளும் அப்படித்தான் செய்வாள்.

சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். கூடை பக்கத்து ஊருக்குப் போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தார். கூடை அவள் கையிலேயே இருந்தது.

சுடலை கூடையைப் பார்த்தார். சொரிமுத்துவின் கையிலிருந்த முத்திரை குத்திய தாளைப் பார்த்தார்.

"வச்சவங்கதான் எடுக்கணும். நீ யாரும்மா?"

"கோமதி."

"வேலம்மாள் எங்க?"

கோமதி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு சுடலையிடம் குனியுங்கள் என்று சைகை காட்டினாள். சுடலை குனிந்தார். அவள் அவர் காதருகே கையைக் குவித்தாள். வராந்தாவின் மறுகோடி வரை கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

"மாமா, அம்மா செத்துப்போயிட்டா. அப்பாட்ட சொல்லிராதிய. அவியளுக்குத் தெரியாது."