பார்வதியம்மாளின் வலமும் இடமும்

1

இந்தக் கதை, கடைவாய்ப் பல் பிடுங்கப் போன இடத்தில் கிடைத்தது. 2009, திருவனந்தபுரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. பல்லுக்காக எடுக்கிற முப்பரிமாணப் படத்தில் கண்ணீர் போகும் வழியும் தெரியும் என்று வராந்தாவில் ஒரு மாணவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. ராகேல் என்று வைத்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை ஓயாத அந்த நகரத்தில், மனிதர்கள் அழும் பாதையைத் தேடி ஒருத்தி…

(அடித்துவிட்டேன். ராகேல் படித்தால் சிரிப்பாள். அவள் தேடியது கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குள் இறங்கும் எலும்புக் குழாயை. அழும்போது மூக்கும் ஒழுகுகிறதே, அதனால்தான்.)

2

ராகேலுக்கு மேற்படிப்பின் கடைசி வருஷம். நாற்பது பேருடைய படங்களில் அந்தக் குழாய் வலப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர், இடப்பக்கம் எத்தனை என்று அளக்க வேண்டும். வழிகாட்டி டாக்டர் வெங்கடகிருஷ்ணனுக்கு நாற்பது என்றால் நாற்பதுதான். ஒன்று குறைந்தாலும் கையெழுத்து விழாது, பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போகும். கம்ப்யூட்டரில் இடம் போதாததால், அளந்ததும் ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு படத்தை அழித்துவிடுவாள். நாற்பதும் முடிந்து அப்பாடா என்று உட்கார்ந்த அன்று தங்கையன் வந்தார்.

3

தங்கையன் ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரி, நாற்பதில் ஒருவர். (அவருக்கு ஒரு கண் வடிந்துகொண்டே இருக்கும். காரணம் மிளகாய் அல்ல. நானும் அப்படித்தான் நினைத்தேன்.) கட்டிய பல்லைக் காட்ட வந்தவர், மேசையில் தன் தாளைப் பார்த்தார். வலது குழாய் குறுகல் என்று எழுதியிருந்தது.

"டாக்டரே, வடியது இந்தக் கண்ணுல்லா?" என்று இடது கண்ணைத் துண்டால் ஒற்றினார். "பின்னே எதுக்கு அந்தக் கண்ணை எழுதியிருக்கிய?"

ராகேல் தாளை எடுத்துப் பார்த்தாள். குறுக்குவெட்டுப் படத்தைக் காலடியிலிருந்தும் பார்க்கலாம், உச்சந்தலையிலிருந்தும் பார்க்கலாம். மாற்றினால் வலது இடதாகிவிடும். பலர் தொடும் கம்ப்யூட்டர் அது. யாரோ அவ்வப்போது மாற்றியும் திருப்பியும் வைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்கு வலம் இடமாகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

(இங்கே அவளை அழவைக்க நினைத்தேன். அவளோ தோசை சாப்பிடப் போய்விட்டாள்.)

4

பாதித் தோசையில் வழி பிறந்தது. ஒவ்வொரு தாளிலும் குழாயின் படத்துக்குக் கீழே, அதே பார்வையில், தாடையின் குறுக்குவெட்டும் அச்சாகியிருந்தது. அந்தப் படத்துக்கு வருகிறவர்களே பல் போனவர்கள்தான். எந்தப் பக்கம் எந்தப் பல் இல்லை என்பது கேஸ் ஷீட்டில் இருக்கும். ஒத்துப் பார்த்தாள். பதினேழு பேர் வலம் இடமாகத் திரும்பியிருந்தார்கள். திருத்தினாள். முப்பத்தொன்பது சரியாகிவிட்டது.

மிச்சம் ஸ்ரீவராகத்துப் பார்வதியம்மாள். வாயில் ஒரு பல்கூட இல்லை.

(இது என் வேலை. ஒரே வரியில் அவருக்கு ஒரு பல் கொடுத்திருக்கலாம். கொடுத்துப் பார்த்தேன், கதை படுத்துவிட்டது. பிடுங்கிவிட்டேன்.)

5

ராகேல் அவர் வீட்டுக்கே போனாள். இரண்டு கண்ணும் சுத்தம், எதுவும் வடியவில்லை.

"இன்னொரு வாட்டி படம் எடுத்துக்கோயேன்" என்றார் பார்வதியம்மாள். "தாடையை வெச்சுண்டு நிக்கணும், அவ்வளவுதானே?"

ராகேலுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தன் பரீட்சைக்காக அவருக்குத் தேவையில்லாத எக்ஸ்ரே எடுப்பது சரியில்லை என்றாள்.

"அப்போ ஏதாவது ஒண்ணை எழுதிடு. யாருக்குத் தெரியப்போறது?"

நானும் அதையேதான் சொன்னேன். என் பிழைப்பே அதுதானே. முதல் பிரதியில் 'வலது' என்று எழுதி, கையெழுத்தும் வாங்கி, எல்லோருக்கும் லட்டு கொடுத்து முடித்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் ராகேலின் கை அதை எழுதுவதாக என்னால் நம்ப முடியவில்லை.

6

அவள் அட்டவணையில் ஸ்கேல் வைத்து, வலது, இடது என்ற இரண்டு கட்டங்களுக்கு அருகில் மூன்றாவதாக ஒன்று வரைந்தாள். தலைப்பில் 'பக்கம் தெரியாது' என்று எழுதி, பார்வதியம்மாளின் 2.3, 3.1 இரண்டையும் அதற்குள் வைத்தாள். பிழை எப்படி நடந்தது என்று கீழே நான்கு வரி, தன் பெயருடன். அதை வழிகாட்டியின் மேசையில் வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

டாக்டர் வெங்கடகிருஷ்ணனை நான் இன்னும் எழுதவில்லை. கோபக்காரரா, நல்லவரா, எனக்கே தெரியாது. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். பேனா தாள்மேல் இருக்கிறது, பெண் வெளியே காத்திருக்கிறாள்.

வழிகாட்டியின் கையெழுத்து: ………………