ஏழாவது குழியில் ஒரு வீடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா கொடுத்தது. ஒரு படிவத்தைக் கையில் திணித்து, "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நிரப்பிக் குடு" என்பாளே, அந்த மாதிரி கொடுத்தாள். நான் எழுதுகிறவன் என்பதில் அவளுக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"இந்த உலகில் வெட்டப்பட்ட குழிகளைவிட வெட்டப்படாத குழிகளே—"

("மேடையில பேசுற மாதிரி இருக்கு. நடந்ததைச் சொல்லு." இது அக்கா.)

இரண்டாவது தொடக்கம்: "கட்டப்படாத கோல்ஃப் மைதானங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. எங்கெங்கோ, யார் யாரோ, வரைந்து, சுருட்டி, அலமாரிக்குள் வைத்த—"

("அத்தானைச் சொல்லாம என்ன வரலாறு?")

சரி. அத்தானிலிருந்து தொடங்குகிறேன். அக்காவின் கணவர். மின்கம்பம் ஏறும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு கம்பத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கீழே கடை, மேலே வீடு, நடுவே பதினாலு படி. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போக, பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேர் வந்து நாற்காலியோடு இறக்குவார்கள். "பீரோ மாதிரி இறக்குறாங்க, ஆனா மூலையில இடிக்கிறதில்ல" என்பார் அத்தான். அந்த நாட்களில் முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவார். வயிறு சரியில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் கழித்துத்தான் காரணம் சொன்னார்: "தூக்குறவங்களுக்குக் கனக்கக் கூடாதுல்ல?"

மறுநாள் காலை அக்கா கடையைத் திறக்காமல் கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போனாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு குளியலறை, தெரு வரைக்கும் ஒரு சாய்தளம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

2

எழுத்தர் கணினியில் எதையோ தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"குடுக்க முடியாதுங்க. உங்க வீடு ஏழாவது குழியில இருக்கு."

"எந்தக் குழி?"

"கோல்ஃப் குழிங்க. ஒவ்வொரு குழிக்கும் ஒரு நீளத் திடல் உண்டு. இந்த இடம் பூரா கோல்ஃப் மைதானத்துக்கு ஒதுக்கினது. நாப்பத்தேழு வருசம் ஆச்சு. பழைய வரைபடத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனப்போ வெளிய வந்துச்சு."

"அங்க எந்தக் காலத்துலயும் கோல்ஃப் மைதானம் கிடையாதே. எங்கப்பா வீடு கட்டுனப்போ முள்ளுச்செடிதான் இருந்துச்சாம்."

"கட்டலைதான். ஆனா ஒதுக்கினது ஒதுக்கினதுதானே."

சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. ஒதுக்கிய ஐந்து வருடத்துக்குள் வேலை தொடங்கப்படவில்லை என்றால் ஒதுக்கீடு தானாகவே செத்துவிடும். ஆனால் தொடங்கப்படவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். அலுவலகத்தில் தொடங்கியதற்கும் காகிதம் இல்லை, தொடங்காததற்கும் இல்லை. மைதானம் போட வந்த கம்பெனி எப்போதோ கலைந்துபோயிருந்தது.

"நடக்காத ஒண்ணுக்கு ஆதாரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அக்கா.

"அடுத்த வாரம் வாங்க, பார்ப்போம்."

அடுத்த வாரம் போனாள். அவர் மறுபடி அதையே சொன்னார். நாலாவது முறைக்குப் பிறகு வீட்டில் அவருக்கு 'அடுத்த வாரம்' என்றே பெயராகிவிட்டது. ("அடுத்த வாரம் இன்னைக்கு லீவாம்" என்று அக்கா சொன்னால் எங்களுக்குக் குழப்பமே வராது.)

அனுமதி இல்லாமல் கட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இரண்டு வீடு தள்ளி ஒருவர் அப்படி எழுப்பிய சுவரை, பூச்சு காய்வதற்குள் வந்து இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மொத்தம் முப்பத்தோரு வீடு அந்த வரைபடத்துக்குள் இருந்தது. எல்லோருக்கும் கோபம் இருந்தது. அலுவலகத்துக்கு நடந்தது அக்கா மட்டும்தான்.

3

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வாக்குமூலம். அந்த மைதானத்தை வரைந்தவர் எழுதியதுபோல ஒரு பழைய கடிதத்தை நானே எழுதித் தருவதாகச் சொன்னேன். "வேலை தொடங்கப்படாததில் மிகுந்த வருத்தம்" என்று நாலு வரி. பழுப்புக் காகிதம், பழைய மை. அந்தக் கால நடை எனக்கு வரும்.

அக்கா கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்தாள். "பொய் வேணும்னா நானே சொல்லிக்குவேன். அதுக்குத் தம்பி எதுக்கு?"

அப்புறம் அலுவலகத்தில் வாங்கி வந்திருந்த வரைபடத்தின் நகலை விரித்தாள். மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு கையெழுத்து. கண்ணாடி தேய்ப்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை மாட்டி, கால் மணி நேரம் குனிந்திருந்தாள். கையெழுத்துக்குக் கீழே ஒரு முகவரி இருந்தது. வேறு ஊர், ரயிலில் ஆறு மணி நேரம்.

அந்தக் கதவு எண்ணில் இப்போது ஒரு பல் மருத்துவமனை இருந்தது. அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பல்லா, ஈறா?" என்றது எதிர்முனையில் ஒரு பெண்குரல்.

"கோல்ஃப் மைதானம்" என்றாள் அக்கா.

அங்கே ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு, "எங்கப்பாவைத் தேடுறீங்களா? அவர் போய் இருபது வருசமாச்சு" என்றது.

4

பல் டாக்டர் அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் அவர் கண்களில் ஏதோ ஒரு நிழல்—

(இல்லை. அவர் முகக்கவசமும் தடித்த கண்ணாடியும் போட்டிருந்தார். கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.)

உள்ளறையில் ஒரு மர அலமாரி. அதில் ஒன்பது சுருள்கள். அவருடைய அப்பா வாழ்நாளில் வரைந்த ஒன்பது மைதானங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்றுக்கு நிலம் தந்தவர், அடிக்கல் நாட்டுவதற்கு முந்தின வாரம் இறந்துபோனார். ஒன்றின் மேல் அணை கட்டித் தண்ணீர் தேக்கிவிட்டார்கள். ஒன்றை ஆட்சி மாறியதும் ராணுவம் எடுத்துக்கொண்டது. ஒன்றில் பதினெட்டுக் குழிக்கும் இடம் பார்த்த பிறகு, அடியில் நிலக்கரி இருப்பது தெரிந்தது. கையால் தீட்டிய பச்சை, ஒவ்வொரு மரத்துக்கும் நிழல், காற்றின் திசைக்கு அம்புக்குறி. எதுவும் மண்ணுக்கு வரவில்லை.

"எட்டு கட்டலை. ஒன்பதாவது, உங்க ஊர்ல, அது மட்டும் தொடங்கிச்சு" என்றார் டாக்டர்.

அக்கா நிமிர்ந்தாள். "தொடங்கலைங்க."

"தொடங்கிச்சு. எனக்குப் பதிமூணு வயசு. அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார், 'வேலை தொடங்கியாச்சு'ன்னு. கையெல்லாம் மண்ணு. அவர் சிரிச்சு நான் பார்த்த நாள் கம்மி. அன்னைக்குச் சிரிச்சார்."

எங்களுக்கு வேண்டிய ஒரே காகிதம், 'தொடங்கவில்லை' என்ற காகிதம், இருந்தால் அந்த வீட்டில்தான் இருக்கும். அலமாரியின் கீழ்த்தட்டில் அப்பாவின் நாட்குறிப்புகள் அடுக்கியிருந்தன. டாக்டர் அவற்றை இதுவரை திறந்ததில்லை. திறக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

"எட்டு ரோலும் காகிதமாவே போயிடுச்சு. ஒண்ணு நிஜம்னுதான் அந்த மனுசன் கண்ணை மூடினார். அதையும் பொய்யின்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா? போயிட்டு வாங்க."

5

கதையின் முதல் வரைவில் டாக்டரைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். அது எனக்கு வசதி. கதைக்கு ஒரு எதிரி வேண்டும், 'அடுத்த வாரம்' அந்த அளவுக்குத் தாங்கமாட்டார். அக்கா படித்துவிட்டு அந்தப் பக்கம் முழுவதும் கோடு போட்டாள். "அவங்க அப்பாவுக்காக அவங்க நிக்கிறாங்க. நான் உங்க அத்தானுக்காக நிக்கிறேன். ரெண்டு பேர்ல யாரு தப்பு?"

தப்பு யாருமில்லை என்பதால் அவள் நின்றுவிடவில்லை. அடுத்த வியாழக்கிழமை மறுபடி ரயில் ஏறினாள். அதற்கடுத்த வியாழனும். கடைக்கு வாரவிடுமுறை வியாழன். ஆறு மணி நேரம் போக, ஆறு மணி நேரம் வர. பல்வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கெஞ்சவில்லை, அழவில்லை. அவள் முறை வந்ததும், "என்ன முடிவு பண்ணீங்க டாக்டர்?" என்று கேட்பாள். "அதே முடிவு" என்பார். "சரி, வர்றேன்" என்று எழுந்துவிடுவாள்.

நாலாவது வியாழன் டாக்டரே பேச்சைத் தொடங்கினார். அத்தானின் பதினாலு படியையும் பட்டினியையும் அக்கா முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இந்த மாசம் இறங்கினாரா?"

"இறக்கினாங்க."

"சாப்பிட்டாரா?"

"இல்ல."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நான் முதல்ல படிக்கிறேன். தனியா. படிச்சிட்டுக் கூப்பிடுறேன். நீங்க அடுத்த வியாழன் வர வேண்டாம்."

("வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கலாம் என்று பிறகு எனக்குத் தோன்றியது. அக்கா கேட்கவில்லை. கூப்பிடுவார் என்று நம்பினாள்.)

6

பதினோரு நாள் கழித்துக் கூப்பிட்டார். நானும் அக்காவும் போனோம்.

நாட்குறிப்பு ஐந்து வருடத்துக்கு, ஐந்து புத்தகம். ஒதுக்கிய நாளிலிருந்து அநேகமாக ஒவ்வொரு நாளும் கடைசி வரி ஒன்றேதான்: "இன்றும் தொடங்கவில்லை." மழை என்று ஒரு நாள், மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள், கம்பெனிக்காரர் பதில் போடவில்லை என்று நூறு நாள். எல்லாவற்றுக்கும் கீழே அந்த வரி. ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் தடவை.

ஒரே ஒரு நாள் தவிர. நாலாவது வருடம். அந்தப் பக்கத்தை அப்படியே தருகிறேன். இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை:

"இனி யாரையும் கேட்பதில்லை என்று இன்று நானே போனேன். முதல் குழிக்குக் குறித்த இடம். நாலேகால் அங்குல அகலம், நாலு அங்குல ஆழம், அளவு பிசகவில்லை. ஒரு கம்பு நட்டுக் கைக்குட்டையைக் கட்டினேன். பத்தடி தள்ளி நின்று பந்தைத் தட்டினேன். ஒன்பது தடவை விலகிப்போனது. பத்தாவது தடவை விழுந்தது. வீட்டுக்கு வந்து, வேலை தொடங்கியாயிற்று என்று மகளிடம் சொன்னேன்."

மறுநாள்: "இன்றும் தொடங்கவில்லை."

"எங்கப்பா பொய் சொல்லலை" என்றார் டாக்டர். குரல் சாதாரணமாகவே இருந்தது. "அஞ்சு புத்தகத்தையும் எடுத்துட்டுப் போங்க. ஆனா குடுத்தா முழுசாக் குடுக்கணும். ஒரு தாளைக் கிழிச்சிட்டுக் குடுக்க நான் விடமாட்டேன்."

ரயிலில் வரும்போது நான் மெதுவாகச் சொன்னேன். கிழிக்க வேண்டாம், நகல் எடுக்கும்போது அந்த ஒரு பக்கத்தை விட்டுவிடலாம். ஐந்து வருடத்துக்குள் ஒரு குழி வெட்டியாயிற்று என்று அந்தப் பக்கமே சொல்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நம் கழுத்தில் நாமே கத்தி வைத்துக்கொள்வதுதான்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கு மறைச்சா பத்து வருசம் கழிச்சு எவனாவது எடுப்பான். அன்னைக்கு முப்பத்தோரு வீடும் திரும்ப அந்த வரைபடத்துக்குள்ள போகும். அப்போ நான் கிழவி. இந்த அலைச்சலை என்னால ரெண்டாவது தடவை அலைய முடியாது. ஒரு தடவைதான். முழுசா."

7

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மேசை, மின்விசிறி, ஆறு நாற்காலி. டாக்டர் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். 'அடுத்த வாரம்' கோப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். விசாரணை அதிகாரி இளம்பெண், நிதானமாகப் படித்தார். நாங்கள் கொடி குத்தி அடையாளம் வைத்திருந்த பக்கத்துக்கு வந்ததும் இரண்டு தடவை படித்தார்.

"இது உங்களுக்கு எதிரா இருக்கு, தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அக்கா.

"அடையாளம் வேற வச்சிருக்கீங்க."

"நீங்க தேட வேண்டாம்னுதான்."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"மத்த ஆயிரத்து எழுநூறு நாளும் உண்மைன்னு நீங்க நம்பணும். இந்த ஒரு நாளை ஒளிச்சிட்டு அதை எப்படிக் கேப்பேன்?"

அதிகாரி டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? வேலை தொடங்கிச்சா, இல்லையா?"

"கம்பெனி தொடங்கலை. எங்கப்பா தொடங்கினார். ரெண்டுக்கும் உங்க சட்டத்துல ஒரே வார்த்தைதான் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அதிகாரி கோப்பை மூடினார். ஆணை முப்பது நாளில் வரும் என்றார்.

8

இன்று இருபத்திரண்டாம் நாள். நான் மூன்று முடிவு எழுதினேன்.

(அ) தனி மனிதர் வெட்டிய நாலங்குலக் குழி 'வேலை' ஆகாது, ஒதுக்கீடு காலாவதி. சாய்தளத்தில் அத்தான் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு—

(ஆ) வரைந்தவரே மண்ணைத் தொட்டுவிட்டார், அதுவே தொடக்கம், ஒதுக்கீடு செல்லும். டாக்டர் வீட்டில் ஒன்பதாவது சுருள் மட்டும் தனியாக—

(இ) ஆணை வருவதற்குள் அதிகாரிக்கு இடமாற்றம். 'அடுத்த வாரம்' சொல்கிறார்: அடுத்த வாரம்.

அக்கா மூன்றையும் கடையில் நின்றபடியே படித்தாள். எதையும் அடிக்கவில்லை. (ஆ)வுக்குப் பக்கத்தில், "மேல்முறையீட்டுப் படிவம் வாங்கி வச்சிட்டேன்" என்று எழுதினாள். (இ)க்குப் பக்கத்தில், "புது அதிகாரிக்கு இன்னொரு செட் நகல் எடுக்கணும்." (அ)வுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. கோப்பு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அந்த அதிகாரிக்குத் தெரிந்த எல்லாமே உங்களுக்கும் தெரியும். பதினாலு படியைப் பற்றி அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஒரு மனிதன் தனியாகப் போய் ஒரே ஒரு குழி வெட்டியது தொடக்கமா, இல்லையா? யோசித்து எழுதுங்கள், அவசரம் இல்லை.

ஆனால் முப்பது நாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். முப்பதாம் நாள் காலை, கதவு திறக்கும் நேரத்துக்கு, அக்கா அங்கே நிற்பாள்.