அடியைப் பிடிக்காதீங்க

லிங்கராஜபுரம் சர்ச் ஹாலில் ஷைனியின் கல்யாண ரிசெப்ஷன். சவுண்ட் நான்தான். வாழ்த்திப் பேச வந்த அவள் அப்பா தேவசகாயம், இரண்டு கைகளாலும் ஒயர்லெஸ் மைக்கின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆன்டெனா இருப்பதே அங்கேதான். கையால் மூடினால் குரல் விட்டுவிட்டுத்தான் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடியைப் பிடிக்காதீங்க அங்கிள்! எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தியேவிட்டேன்.

ஷைனி எழுந்து வந்தாள். மைக்கை வாங்கி, நடுவில் பிடித்து, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இப்ப பேசுங்க டாடி."

கை ஃப்ரீ ஆனதும் அவர் இரண்டையும் மகளின் தலையில் வைத்தார். பேச்சு வரவில்லை.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. பழக்கத்தில் மைக்கின் ரிசீவரைப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது.