பூட்டுப் போட்ட வீட்டில் இண்டர்நெட்

என் பெரியப்பா அர்ச்சுனனை எனக்குப் பிடிக்காது. கதையின் நடுவில் யாரும் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் சிரம்பானில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் உறவுக்காரி நான் ஒருத்திதான். அதனால் தொண்ணூற்றேழாம் வருடம், தைப்பூசம் முடிந்த கையோடு, ராசாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார்.

போனில் அவர் ஹலோ சொல்ல மாட்டார். யெஸ் என்பார். ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கராக இருந்து பழகிய நாக்கு. அவராகவே நம்மைக் கூப்பிட்டாலும் முதல் வார்த்தை யெஸ்தான்.

"யெஸ். லீலாவா? கம்ப்யூட்டர் வாங்கிட்டேன். வந்து இண்டர்நெட் போட்டுக் குடுத்துட்டுப் போ."

வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை விடுங்கள், அதற்கு முந்தைய இரண்டு வருடமாக எங்கள் வீட்டோடு பேச்சே இல்லை. அவருடைய மகள் நீலாவதியின் கல்யாணத்துக்கு நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்பது குற்றம். அந்தக் குற்றத்தை இண்டர்நெட் மன்னித்துவிட்டது போலிருக்கிறது. நாங்கள் மறுபடியும் சொந்தக்காரர்கள் ஆனோம்.

போர்ட்டிக்சன் சாலையில், சி ரூசா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் வேலை பார்த்த தோட்டம். ஓய்வு பெற்று, தோட்டம் கொடுத்திருந்த பங்களாவைக் காலி செய்தபோது தோட்டத்து வாசலிலேயே புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் முதல் வீட்டை வாங்கினார். உள்ளேயிருந்து யார் வெளியே போனாலும் அவர் வீட்டுச் சன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் வீட்டுப் பெண் யார் மோட்டாரில் போகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சம்பளம் நின்றுபோன பிறகும் கிராணி வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் போனுக்குப் பூட்டு உண்டு. நம்பர் சுற்றும் வட்டத்தில் ஒரு துளைக்குள் மாட்டுகிற சின்னப் பூட்டு. அதை மாட்டினால் வருகிற போனை எடுக்கலாம், வெளியே யாரையும் கூப்பிட முடியாது. சாவி பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். ஆபீசுக்குப் பட்டன் போன் வந்தபோது, பழைய போனைப் பூட்டோடு கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதை விட்டுப் பிரிய மனம் வரவில்லை.

ஒரு காலத்தில் தோட்டம் முழுவதற்கும் அந்த ஒரு போன்தான். பால் மரம் வெட்டும் செல்லம்மாவின் புருஷன் மரக்கிளை விழுந்து அடிபட்டு சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க அவள் காலையிலேயே ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா ஆட்களின் பேர் போடும் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு வா என்றார். நாலு மணிக்குப் பூட்டைத் திறந்து, நம்பரைச் சுற்றி, அவளிடம் கொடுத்தார். மத்தியானமே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இந்தக் கதையைப் பெரியப்பாவே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், தான் சொன்ன நேரம் தவறாத ஆள் என்பதற்கு உதாரணமாக.

அந்தச் செல்லம்மாவின் மகன் முனியாண்டியைத்தான் நீலாவதி கட்டிக்கொண்டாள். லாரி ஓட்டுகிறவன், தங்கமான பையன். இருவரும் கோலா கிளாவாங்கில் குடியேறினார்கள். கூலிகள் குடியிருக்கும் லயத்து வீட்டுப் பையனுக்குக் கிராணி வீட்டுப் பெண்ணா என்று பெரியப்பா கொதித்தார். நீலா இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போன் செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெரியப்பாதான் எடுத்தார். யெஸ் என்றார், அவள் குரலைக் கேட்டார், ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டார். பெற்ற அப்பன் இப்படிச் செய்தால் எந்தப் பெண் மறுபடியும் கூப்பிடுவாள்?

நான் போய் இறங்கியதும் பெரியம்மா வள்ளிநாயகி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீலா நிறைமாதமாக இருக்கிறாளாம். கோயில் குழாயடியில் செல்லம்மா ரகசியமாகச் சொன்னாளாம். நீலா வீட்டிலும் இப்போது போன் வைத்துவிட்டார்களாம். செல்லம்மா நம்பரையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். பெரியம்மா அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். கூப்பிடத்தான் வழி இல்லை. கடைக்காரர் வீட்டுப் போனில் பேசினால், பேசி முடிப்பதற்குள் பெரியப்பாவுக்குச் சேதி போய்விடும்.

"தலப் பிரசவம்லா. எப்பன்னு தெரிஞ்சாத்தானே நான் இவருகிட்ட அழுதோ சண்டபுடிச்சோ கெளம்ப முடியும்? அவ கொரலக் கேட்டே ரெண்டு வருசமாச்சு" என்றாள். நான் கோப்பியைக் குடித்துவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

கம்ப்யூட்டர் சாமி படங்களுக்குக் கீழே மணமேடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். புது லாரிக்குச் சக்கரத்தடியில் வைப்பதுபோல் மவுசுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். மவுசை நகர்த்தும்போதெல்லாம் பழம் உருண்டு கீழே விழ, பெரியப்பா குனிந்து எடுத்து அதே இடத்தில் வைத்தார். இண்டர்நெட்டுக்குச் சந்தா கட்டினால் கொடுக்கிற புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தார். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த எதையும் அவர் மீறியதில்லை.

சுவரிலிருந்து போனுக்குப் போகும் வயரைக் கழற்றி மோடத்தில் செருகினேன். மோடத்திலிருந்து இன்னொரு வயரைப் போனுக்குக் கொடுத்தேன். கம்ப்யூட்டரே போன் செய்து இண்டர்நெட்டைக் கூப்பிடும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, தெரியும் என்றார். பெரியப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அதை ஒரு பெண்பிள்ளை வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். நானும் விட்டுவிட்டேன்.

பாஸ்வேர்ட் அடிக்கும்போது என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். இது தெரியாமல் வேறு யாரும் திறக்க முடியாதா என்று இரண்டு தடவை கேட்டார். இண்டர்நெட்டை முடியாது என்றேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அரைஞாணில் இன்னொரு சாவி சேர்ந்துவிட்டது.

மோடம் டொக் டொக் என்று நம்பர் அடித்து, கீச்சென்று கத்தி, இரைந்து, அடங்கியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ளும் அந்தச் சத்தம் பெரியப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஒலியைக் கடைசிவரை கூட்டி வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லையென்றால் இண்டர்நெட் போட்டு என்ன பிரயோசனம்? பிறகு லண்டனைக் காட்டு என்றார். தோட்டத்து முதலாளிகள் இருந்த ஊர் அல்லவா. ஒரு பாலத்தின் படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. அவர் போய்க் குளித்துவிட்டு வந்தபோது பாலத்துக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. இருந்தாலும் திருப்திதான். வெள்ளிக்கிழமை பூசைக்குக் கோயில் கமிட்டியையும் தோட்டத்து ஆட்களையும் அழைத்து இண்டர்நெட்டைத் திறந்து காட்டப்போவதாகச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். கமிட்டித் தலைவரும் அவர்தான்.

அவர் தலை மறைந்ததும் பெரியம்மா வந்து போனையும் மோடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பூட்டு போட்டது போட்டபடியே இருக்கு. அப்புறம் எப்படிலா இது நம்பர் சுத்துச்சு?"

புத்தகம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்ட மனிதருக்குத் தோன்றாத கேள்வி. பூட்டு அந்தப் போனின் வட்டத்துக்குத்தான், லைனுக்கு இல்லை என்று நான் சொன்னேன். அவள் உடனே நீலாவின் நம்பரைச் சொன்னாள்.

அந்தக் கம்ப்யூட்டர் திரையிலேயே போன் செய்வதற்கென்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. நம்பரைக் கொடுத்தால் அது கூப்பிடும். எதிர்முனையில் எடுத்ததும் ரிசீவரைத் தூக்கிப் பேசிக்கொள்ளலாம். அதற்குப் பாஸ்வேர்டும் கிடையாது, சாவியும் கிடையாது. பெரியம்மாவுக்காக முதல் பட்டனில் நீலாவின் நம்பரைப் போட்டேன். பெயர் போட வேண்டுமே. பெரியப்பா பார்த்தாலும் சந்தேகம் வரக்கூடாது என்று ஆங்கில எழுத்தில் ‘கோவில்’ என்று அடித்தேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. முதல் தடவை நானே அழுத்திக் காட்டினேன். நீலாவின் ஹலோவைக் கேட்டதும் பெரியம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு பெரியப்பா கோயிலுக்குப் போகும் நேரமெல்லாம் பெரியம்மாவும் ‘கோவிலு’க்குப் போய் வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஏதாவது தகராறு வந்தால் பழியைப் போட ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது ஹால் நிறைந்திருந்தது. கமிட்டி ஆட்கள் நாற்காலியில். அவரிடம் வேலை செய்த பழைய தோட்டத்து ஆட்கள் தரையில். அழைப்பில்லாமல் வந்த செல்லம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். சம்பந்தியம்மாள் என்ற நினைப்பே அந்த வீட்டுத் தலைவருக்குக் கிடையாது. பெரியம்மா அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டதால் அவசரமாக ரிசீவரை வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். அந்தச் சின்னப் பெட்டி திரையில் திறந்தபடியே இருந்தது.

பெரியப்பா தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், இண்டர்நெட்டைப் பற்றி நீளமாகப் பேசினார். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தவர் அப்படியே மலர்ந்து போனார்.

"பாத்தீங்களா? நம்ம கோயிலு ஏற்கெனவே இண்டர்நெட்ல ஏறியிருக்கு."

அதைத் தொட வேண்டாம் என்று எழுந்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்லி அழுத்திவிட்டார்.

டொக் டொக் என்று நம்பர் ஓடியது. மணி அடித்தது. நாற்காலியில் இருந்த ஒருவர், கோயில் மணி என்று நினைத்தாரோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி அவரே கூட்டி வைக்கச் சொன்ன ஒலியில், மோடம் பேசியது.

"ஹலோ? அம்மா, இப்பத்தானே வெச்சீங்க? என்ன மறந்துட்டீங்க?"

பெரியப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பழக்க தோஷத்தில், ராங் நம்பர் என்றார்.

"ராங் நம்பரு இல்லீங்க கிராணியாரே" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "அது எம் மருமவ."

தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. ஆனால் எல்லாருடைய காதும் மோடத்தில் இருந்தது. நீலா தன் போக்கில் பேசிக்கொண்டே போனாள். டாக்டர் அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லிவிட்டாராம். பிள்ளை திரும்பாமல் இருக்கிறதாம், அறுக்க வேண்டி வந்தாலும் வருமாம். அப்பாவிடம் எப்படிக் கேட்டுவிட்டு வருவீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறதம்மா என்றாள். அதை எப்படி நிறுத்துவது என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் நிறுத்தவில்லை.

அவர் திரையைப் பார்த்தார். பேசுவதற்கு ரிசீவரை எடுக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அச்சடித்த ஆங்கிலத்துக்குக் கட்டுப்பட்ட கை மெல்ல நீண்டு, பூட்டுத் தொங்கும் போனிலிருந்து ரிசீவரை எடுத்தது. நான் போய் ‘பேசு’ பட்டனை அழுத்தினேன். மோடம் வாயை மூடிக்கொண்டது. இனி அவள் சொல்வது அவர் ஒருவருக்குத்தான் கேட்கும்.

"யெஸ்" என்றார்.

மறுமுனையில் என்ன நடந்ததோ தெரியாது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா தேநீர்த் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தத் தடவையும் ராங் நம்பர் என்று வைத்துவிடுவாரோ என்ற பயம்தான் இருந்தது.

"எத்தனாந் தேதி?" என்று கேட்டார். அது கிராணியின் கேள்வி. ஆனால் அடுத்ததாக வந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அம்மா வருவா. நாளைக்கே அனுப்புறேன்."

அவ்வளவுதான். மகளிடம் வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார்.

"பேசி முடிச்சதும் எங்கிட்டயும் கொஞ்சம் குடுங்க கிராணியாரே" என்றாள் செல்லம்மா. கிண்டலே இல்லாமல், ஆபீஸ் வாசலில் நின்று கேட்ட அதே பணிவோடு கேட்டாள். "இல்ல, நாலு மணிக்கு வரட்டுங்களா?"

பெரியப்பா ரிசீவரை வாசல் பக்கம் நீட்டினார். வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. செல்லம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட, அவளாகவே உள்ளே வந்து வாங்கிக்கொண்டாள்.