சின்ன வண்டியே போதும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு நொடிதான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

என் காரின் வைப்பர் ஓடவில்லை. அதை மாற்றுவதற்காக ஒரு ஷோரூமின் சர்வீஸ் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். "இதோ ஆச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புது வண்டிகள் பளபளவென்று நின்றன. அங்கே ஒரு ஆள், சக்கர நாற்காலியில் இருந்த இன்னொருவரைத் தூக்கி ஒரு சின்னக் காரின் பின்சீட்டில் வைக்கப் போனார். காலை அகட்டி, இடுப்பை வளைத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் பின்பக்கமாகத் தடுமாறினார். தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கினால் கை எப்படி எகிறும், அப்படி.

அந்த நொடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் போய்விட்டேன்.

அந்த முகம் என்னைத் தூங்கவிடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் எடுப்பாக இருக்கும். நான் நன்றாகத்தான் தூங்கினேன். ரொம்ப நாளாக எதுவும் எழுதாமல் கை அரித்துக்கொண்டிருந்தது, யாரோ ஒருவரின் துக்கம் தானாக வந்து மாட்டியது. எழுதுகிறவர்கள் யோக்கியதை இவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்:

"லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகும்?" என்று அவள் கேட்டாள்.

[விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்தேன்.]

இரண்டாவது தொடக்கம்:

ஒரு குடும்பம் எந்த வண்டியை வாங்குகிறது என்பதில் அந்தக் குடும்பம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதும் தன் வருங்காலத்தை எவ்வாறு—

[நடுப்பக்கக் கட்டுரை நெடி. மூச்சு வாங்குகிறது. விட்டுவிட்டேன்.]

மூன்றாவதாக, சுற்றி வளைக்காமல் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர். தூக்கியவர் ஏசி மெக்கானிக். அவர் மனைவி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். சக்கர நாற்காலியில் இருப்பவர் அவளுடைய அண்ணன், அதாவது மெக்கானிக்குக்கு மச்சான். கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டியவர். மேலே கேபினுக்கு ஏறும்போது ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய், தங்கை வீட்டோடு வந்துவிட்டவர்.

[கிரேன் ஓட்டியவரை இன்னொருவர் தூக்குகிறார் என்பது சொல்லிவைத்த மாதிரி பொருந்துகிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். அவரை முடிதிருத்துபவராக மாற்றிப் பார்த்தேன், ஓட்டல் மேனேஜராக்கிப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. கிரேனே இருக்கட்டும்.]

3

அவர்களிடம் இருந்தது ஒரு பழைய வேன். மெக்கானிக்கின் ஏணியும் கேஸ் சிலிண்டரும் மச்சானின் நாற்காலியும் அதில்தான் போகும். நடுரோட்டில் புகை கக்கிவிட்டு அது போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து மச்சான் வெளியே போகவில்லை. முன்னறையில் கட்டில், கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டின் பூசாத சுவர். அவருடைய உலகம் அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது.

மெக்கானிக்குக்கு நாலு கதவு பிக்கப் மேல் ஆசை. முன்னால் குடும்பம் உட்காரலாம், பின்னால் சாமான் போடலாம். ஆனால் அப்படிச் சொல்ல மாட்டார். "எனக்கு என்ன, நான் பைக்லயே சுத்திடுவேன். மச்சானுக்குத்தான் வேணும்" என்பார். வாரக்கணக்கில் இதே பாட்டு. மச்சானிடமும் சொல்லிச் சொல்லி, ஃபோனில் படம் காட்டி, அவரையும் ஏற்றிவிட்டார்.

தங்கை மட்டும் மாறவே இல்லை. "சின்ன வண்டியே போதும். பெட்ரோல் கம்மியாக் குடிக்கும், சந்துக்குள்ள திரும்பும்" என்பாள்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். என் எழுத்தை முதலில் படிப்பவள் அவள். பாராட்டி எனக்கு நினைவில்லை.

"வாடகை வண்டி வைக்க வேண்டியதுதானே?"

"நாற்காலியப் பார்த்தா அவங்க நிறுத்தாமப் போயிடுறாங்க."

"பழைய பிக்கப் ஒண்ணு வாங்கட்டும்."

"பழைய வேன்ல பட்டது போதாதா? இன்னொரு தடவை மாட்ட மாட்டாரு."

"எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்க" என்றாள். குரலில் மரியாதை இல்லை.

கதை எழுதுவதில் பாதி வேலை இதுதான். ஆட்கள் தப்பித்துப் போகிற கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவது. பார்க்கப்போனால் கொடூரமான தொழில்.

4

ஷோரூமுக்கு மூன்று பேரும் வந்தார்கள். வண்டிகளைக் காட்ட ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். சொன்னதை மூன்று தரம் சொல்லியும் முகம் சுளிக்காதவள். சின்னக் கார் யார்டிலேயே நிற்கிறது, நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். பிக்கப் என்றால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம்.

"ஆறு மாசமா?" என்றாள் தங்கை.

"நல்ல சாமான்னா அப்படித்தான்" என்றார் மெக்கானிக். ஏதோ தானே செய்து விற்கிற மாதிரி.

பேச்சு வளர்ந்தது. சின்ன வண்டி சரிப்படாது என்பதை நிரூபித்தே தீருவது என்று அவருக்கு வீம்பு வந்துவிட்டது. "இதுக்குள்ள உங்க அண்ணன ஏத்தி இறக்க முடியுமான்னு நீயே பாரு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்கு முன்னால் குனிந்தார்.

"ரெண்டு பேரா தூக்கலாங்க" என்றாள் அவள். சட்டென்று, கொஞ்சம் சத்தமாக.

"நான் பாத்துக்கறேன். நீ தள்ளு."

தூக்கினார். தடுமாறினார். நான் பார்த்தது இதைத்தான்.

தினமும் தூக்குகிற ஆளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? என் வீட்டுக்காரியும் இதைத்தான் கேட்டாள். பதில் ரொம்பச் சாதாரணமானது. வீட்டில் அவர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் தூக்குவார்கள். அவர் அக்குளில் கை கொடுப்பார், அவள் முழங்காலுக்கு அடியில் பிடிப்பாள். கொஞ்ச நாளாகப் பாரம் குறைந்திருந்தது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவள் பழகிவிட்டாள், தன் பங்குக்கு மேலேயே தாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "பரவாயில்லயே, நல்லாத் தேறிட்ட" என்று ஒருநாள் சொல்லக்கூடச் சொன்னார். அவள் போர்வையை உதறப் போய்விட்டாள்.

[இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்போது ஒருவர் இளைத்துக்கொண்டே போவது தெரியாது. இந்த வரியைக் கதையில் எங்காவது அழகாக நுழைக்கப் பார்த்தேன். அழகு பண்ண எனக்கே கூசியது. அடைப்புக்குள்ளேயே கிடக்கட்டும்.]

மச்சான் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இடம் தாராளமாக இருந்தது. "என்ன மாப்ள, நம்ம கட்சி தோத்துப்போச்சு போலிருக்கே" என்று சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத நாலு தரம் முயன்றேன், வரவில்லை.

5

ஷோரூமின் ஓரத்தில் குடிதண்ணீர் வைத்திருந்தார்கள். இருவரும் அங்கே நின்றார்கள். மச்சானுக்குக் கேட்காத தூரம்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அண்ணன் பெல்ட்டுல ரெண்டாவது ஓட்டை போட்டப்ப. ஆணியச் சுட வெச்சு நான்தான் போட்டேன்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"நீங்க வெளியூர் வேலைக்குப் போன அன்னைக்கு ஒருத்தர் வீட்டுக்கே வந்து பார்த்தாரு. ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

அவள் குவளையில் தண்ணீர் பிடித்தாள். குடிக்கவில்லை.

"சின்ன வண்டியே போதும்" என்றாள்.

[டாக்டர் அப்படியா சொல்லியிருப்பார்? அவர் சொன்னது வயிற்றில் கட்டி, எல்லா இடத்திலும் பரவிவிட்டது, மூன்று மாதம், இழுத்துப் பிடித்தால் நாலு. அதைத் தன் வாயால் சொல்ல அவளால் முடியவில்லை. நான் அவளுக்கு ஐந்து மாதிரி வசனம் எழுதிப் பார்த்தேன். அவள் சொன்னது ஒன்றுதான்.]

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சிதான் காட்டிக் கொடுத்துடுமே. அண்ணன் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாரு."

மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பெரிய வண்டியவே புக் பண்றோம்" என்றார்.

"ஆறு மாசம்னு அந்தப் பொண்ணு சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இத்தனை நாள் பெருசு பெருசுன்னு தலைகீழா நின்னுட்டு, இப்போ சின்னதுன்னா அவரு என்ன நினைப்பாரு? புரிஞ்சிடாது?"

"அதுக்காக வராத வண்டிய நம்பி அந்தச் சுவரப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கணுமா? சின்னத எடுத்தா நாளைக்கே வெளிய கூட்டிட்டுப் போகலாங்க. தினம் கூட்டிட்டுப் போகலாம். மிச்சம் இருக்கறதே கொஞ்ச நாளு. ரோட்டப் பார்க்கட்டும். ஆளுங்களப் பார்க்கட்டும்."

இரண்டு பேர் சொல்வதும் சரி. யாராவது ஒருவர் பக்கம் தப்பு இருந்தால் இந்த நேரம் கதையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

6

முடிவுகள்.

(அ) பெரிய வண்டி. புக் பண்ணுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வருகிறது. மெக்கானிக் அதை வாசலில் நிறுத்தி, உறை போட்டு மூடி, அதன் பக்கத்திலேயே— [போதும். கண்ணீர் பிழிகிற வேலை. வேண்டாம்.]

(ஆ) சின்ன வண்டி. மச்சானே பெருந்தன்மையாகச் சொல்கிறார்: "எனக்காக எதுக்குப் பெருசு? சின்னதே எடுங்க." இதைத்தான் முதலில் எழுதினேன். படித்துவிட்டு என் வீட்டுக்காரி தாளை மேஜையில் வைத்தாள்.

"சாகப்போறவரையே தியாகம் பண்ண வெச்சுட்டீங்க. மத்தவங்க எல்லாம் நிம்மதியாத் தூங்கலாம், இல்ல?"

சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது சரி. அவரை நல்லவராக்கி எல்லோரையும் காப்பாற்றிவிட்டேன், முக்கியமாக என்னை. பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

(இ) டாக்டர் சொன்னது தவறு. மறுபடி சோதித்துப் பார்த்ததில் மச்சானுக்கு— [இதை எழுத ஆரம்பித்தது நான்தான். ஆசையாகத்தான் ஆரம்பித்தேன். என்னால் முடியவில்லை, மன்னியுங்கள்.]

7

அதனால் மறுபடி ஷோரூமுக்கே போகிறேன். தியாகம் எல்லாவற்றையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு, ஒரு சாதாரண மனிதராக அவர் என்னதான் கேட்பார் என்று பார்க்கிறேன்.

தண்ணீர் இருந்த இடத்திலிருந்து இருவரும் திரும்பி வந்தபோது மச்சான் பிக்கப்புக்குப் பக்கத்தில் இருந்தார். ஷோரூம் பெண்ணும் ஒரு ஊழியரும் அவரைக் காரிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்தான் கேட்டிருக்கிறார். முன்சக்கரத்துக்கு மேலே கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கழுத்தை நிமிர்த்தி முன்சீட்டின் உயரத்தைப் பார்த்தார். சட்டைக் காலருக்குள் அந்தக் கழுத்து எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று மெக்கானிக் இப்போதுதான் பார்த்தார்.

"வெள்ளை வேணாம் மாப்ள" என்றார் மச்சான். "சீக்கிரம் அழுக்காயிடும். நீலத்துல வருதாம்."

"நீலம் நல்லாயிருக்கும் மச்சான்."

"முன்னால உக்காந்தா ரோடு பூரா தெரியும். சின்னதுல பின்னாடி உக்காந்தா முன்னால இருக்கறவன் மண்டைதான் தெரியுது." சிரித்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். "நீ பெட்ரோல் கணக்கெல்லாம் பார்க்காத. உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல நானு. இது ஒண்ணு பெருசாவே எடுத்துடுவோம்."

"ஆறு மாசம் ஆகுமாம்ணே."

"ஆறு மாசம்தானே? காத்திருந்தாப் போச்சு."

ஷோரூம் பெண் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு, "எது போடட்டும் மேடம்?" என்றாள்.

8

என்னால் இதற்கு மேல் முடியாது.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியவில்லை. தெரிந்தே அவளைச் சோதிக்கிறார் என்று ஒருநாள் தோன்றும். இல்லை, மனிதருக்கு உண்மையிலேயே நீல வண்டி வேண்டும், அவ்வளவுதான் என்று மறுநாள் தோன்றும். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. தங்கைக்கு "சரிண்ணே" என்று எழுதினேன், அடித்தேன். "வேணாம்ணே" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மெக்கானிக்கைப் பேச வைக்கலாம் என்று பார்த்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டுவிட்டார். அவர் மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே அவள் நிற்கிற இடத்தில் இனி நீங்கள்தான் நிற்க வேண்டும். பெரியது என்றால் அவர் இன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், கடைசிவரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சின்னது என்றால் நாளைக்கே ரோட்டைப் பார்ப்பார், ஏன் பார்க்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யோசிக்க நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்களோ, அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.